மொட்டைமாடியில் மரத்தளம் போய் உயர்த்திய டைல் தளம்: திருவான்மியூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில், மூன்று மாடி அடுக்ககம் ஒன்று. மேல்தள வீட்டுக்கு மொட்டைமாடியின் ஒரு பகுதியும் பத்திரத்தில் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. 9.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 545 சதுர அடி. வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார். துளசி மாடம், துணி காயப்போடும் கொடி, வெயில் காலத்தில் வடாம் என்று மாடியை அதிகம் புழங்குபவர் அந்த அம்மாதான். மாலை ஆறு மணிக்கு மேல்தான் மற்றவர்கள் மேலே வருவார்கள்.

2018இல் உள் அலங்காரம் செய்த ஒப்பந்தக்காரர் மாடியிலும் மரத்தளம் போட்டுக் கொடுத்தார். இறக்குமதிப் பைன் மரம், மருந்தேற்றியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூரையோ நம் ஊர் வழக்கப்படி அமைந்தது: கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், அதன் மேல் தட்டோடு. 80க்கு 1 என்ற வாட்டத்தில் தெற்குக் கைப்பிடிச்சுவர் ஓரமாக இரண்டு மழைநீர்க் குழாய்கள். மரத்தளம் வருவதற்கு முன் இந்தக் கூரை ஒழுகியதே இல்லை என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். பின்னால் இது முக்கியமான தகவலாயிற்று.

2021 மழையில் தெரியவந்தது

2021 நவம்பர் 7ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. மழை பதிவானது. அந்த வாரத்தில்தான் படுக்கையறைக் கூரையில் ஈரத்திட்டு வந்தது. முதலில் உள்ளங்கை அளவு. மாத முடிவில் மின்விசிறிக் கொக்கி வரை பரவிவிட்டது. வீட்டார் பெயின்டரைக் கூப்பிட்டார்கள், அவர் தண்ணீர் புகாத பூச்சு ஒன்றை உள்பக்கம் அடித்தார். மேலேயிருந்து வரும் தண்ணீருக்குக் கீழே பூச்சு அடித்து என்ன பயன்? திட்டு ஓரடி தள்ளி வேறு இடத்தில் கிளம்பியது.

மாடித்தள வேலை செய்யும் எங்களை அழைத்தது டிசம்பர் கடைசியில். அப்போது அவர்களது கேள்வி ஒழுகலைப் பற்றியதாக இல்லை. பலகைகள் சில இடங்களில் மெத்தென்று அமுங்குகின்றன, அவற்றை மட்டும் மாற்றித் தர முடியுமா என்பதே கேள்வி. ஒழுகல் வேறு சங்கதி, அதற்கு வேறு ஆள் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தளத்தின் மேல் நடந்து பார்த்ததில் அமுங்கும் இடங்கள் எல்லாம் பலகைகளின் முனைகளிலேயே இருந்தன. மருந்தேற்றிய மரத்தில் இதை எதிர்பார்க்கலாம். மருந்து மரத்தின் வெளிப்பகுதிக்குள் மட்டும் ஓரளவு இறங்கியிருக்கும். அளவுக்கு வெட்டும்போது முனையில் மருந்து ஏறாத உள்மரம் திறந்துகொள்ளும். வெட்டிய முனையில் மறுபடி மருந்து பூச வேண்டும். இங்கே பூசியதற்கான தடயமே இல்லை. கடல் காற்றில் திருகாணித் தலைகள் துருப்பிடித்து, பலகை முழுக்கப் பழுப்புக் கண்ணீர் வடித்திருந்தன. ஓரிடத்தில் தீபாவளி ராக்கெட் விழுந்த கரித்தடம் வேறு.

பலகையைக் கழற்றியபோது

தெற்கு ஓரமாக நான்கு பலகைகளை மட்டும் முதலில் கழற்றச் சொன்னோம். கழற்றியதும் கதை மாறிவிட்டது.

பலகைகளைத் தாங்கும் சட்டங்கள் 50 மி.மீ. சதுரக் கட்டைகள். அவற்றைத் தட்டோட்டின் மேல் நேரடியாக, வாட்டத்துக்குக் குறுக்கே படுக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓட வேண்டிய கூரையில் கிழக்கு மேற்காக வரிசை வரிசையாக அணைகள்! ஒவ்வொரு கட்டையின் வடக்குப் பக்கமும் விரல் ஆழத்துக்குக் கறுப்பு வண்டல், மட்கிய வேப்பிலை, புறா எச்சம். மழை நின்று பல நாள் ஆகியும் அந்த வண்டல் ஈரமாகவே இருந்தது. ஒரு மூலையில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு முந்தைய ஆண்டு டெங்கு வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நாங்கள் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தோம்.

அடுத்தது திருகாணிகள். கட்டை நகராமல் இருக்க இரண்டடிக்கு ஒன்றாக, தட்டோட்டைத் துளைத்து வெதரிங் கோர்ஸ் வரை முடுக்கியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி குனிந்து ஒன்றைக் கழற்றி, ஓட்டைக்குள் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி நனைந்து வந்தது.

“சார், ஸ்க்ரூ ஒண்ணொண்ணும் ஒரு ஓட்டை சார். பலகைய மாத்தி என்ன ஆகப்போவுது?”

அதுதான் எங்கள் முடிவும். பலகை இற்றுப்போனதற்கும் கூரை ஒழுகியதற்கும் காரணம் ஒன்றே: அடியில் தண்ணீர் நின்றது. தேக்கே போட்டிருந்தாலும் அதே கட்டையும் அதே திருகாணியும் அதே வேலையைச் செய்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. முழுத் தளத்தையும் எடுத்துவிட்டுக் கூரையைச் சரிசெய்வதே முதல் வேலை, மேலே என்ன போடுவது என்பது அப்புறம் என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டாருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு சரி என்றார்கள்.

என்ன போடுவது என்ற பேச்சு

வெறும் தட்டோடாகவே விட்டுவிடலாம் என்பது அந்த அம்மாவின் கருத்து. செலவும் குறைவு. எங்களுக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் மருமகளுக்கு மாலையில் நாற்காலி போட்டு உட்கார ஒரு மட்டமான இடம் வேண்டும். வாட்டமான கூரையில் மேசை ஆடும். அது நியாயமான தேவைதான்.

மறுபடி மரம் என்றால் தேக்கு. விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கணவர் இணையத்தில் பார்த்து வைத்திருந்தார். அது மரம் போல எளிதில் இற்றுப்போகாது என்பது உண்மை. ஆனால் வெயிலில் நீளவாக்கில் நன்றாக விரியும், அதற்கும் கீழே சட்டம் வேண்டும், மூடிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. கடப்பா கல் பற்றியும் பேசினோம். உள்ளூர்ப் பொருள், மலிவு. ஆனால் 30 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 80 கிலோவைத் தொடும்; கறுப்பு நிறம் சென்னை வெயிலுக்கு ஆகாது; அடுக்கடுக்காகப் பிரியும் கல்லை நான்கு மூலையில் மட்டும் தாங்கி நிறுத்த எங்களுக்குத் துணிவில்லை.

கடைசியில் நாங்கள் பரிந்துரைத்தது பெடஸ்டல் என்ற குட்டைக் கால்களின் மேல் வைக்கும் 20 மி.மீ. போர்சலின் டைல். குஜராத்தின் மோர்பியில் இந்தக் கனத்திலேயே தயாராகிறது. இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 600 மி.மீ. சதுரம். ஒட்டுவதில்லை, சிமெண்ட் இல்லை. டைலின் நான்கு மூலைகள் சந்திக்கும் இடத்தில் திருகி உயரம் மாற்றக்கூடிய பாலிபுரொப்பலீன் பிளாஸ்டிக் கால் ஒன்று நிற்கும். டைல்கள் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். டைலுக்கு டைல் 4 மி.மீ. இடைவெளி. மழை அதன் வழியே இறங்கி, கீழே பழைய வாட்டத்திலேயே ஓடிக் குழாய்க்குப் போய்விடும். கூரை வாட்டமாக இருக்க, மேல்தளம் மட்டமாக இருக்கும். போர்சலின் தண்ணீர் குடிப்பது 0.5 சதவீதத்துக்கும் கீழ், ஆகவே உளுக்காது, பாசியும் ஆழமாகப் பிடிக்காது.

இவையெல்லாம் விற்பனையாளர் சொல்வதுதான். எங்களைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று. எந்த டைலையும் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம். இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் வைத்த ‘சக்‌ஷன்’ பிடி ஒன்று போதும். நான்கு வருடம் யாரும் பார்க்காமல் மூடிக் கிடந்த கூரையைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, அழகையும் ஆயுளையும்விட இதுவே பெரிதாகப் பட்டது.

மருமகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மரம் போலத் தெரிய வேண்டும். மரநார் வரியோடு நடுத்தரப் பழுப்பு நிறத்தில், நனைந்தாலும் வழுக்காத ஆர்11 தரச் சொரசொரப்பு உள்ள டைலைத் தேர்ந்தார்கள். இன்னும் வெளிர் நிறமாகப் போகலாம் என்று சொன்னோம். கடையில், குளிரூட்டிய அறையில், பழுப்புதான் அழகாக இருந்தது.

எடை, காற்று, கைப்பிடிச்சுவர்

எடையிலிருந்து தொடங்கினோம். 20 மி.மீ. போர்சலின் சதுர மீட்டருக்கு 46 கிலோ. ஒரு டைல் பதினாறரைக் கிலோ. பழைய பைன் தளம் சட்டத்தோடு சேர்த்து 20 கிலோ அளவில் இருந்திருக்கும். ஆக, மொத்தப் பரப்பில் கூடுதல் சுமை ஏறத்தாழ 1.3 டன். மக்கள் புழங்கும் கூரைக்கு இந்தியத் தர விதி வைக்கும் புழங்கு சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. கூடுதல் சுமை அதற்கு முன் சிறியதுதான் என்றாலும், கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டாமல் இறங்கவில்லை. அவர் டைலைப் பற்றிக் கவலைப்படவில்லை. மேற்குச் சுவர் ஓரம் செங்கல் கட்டி மண் நிரப்பியிருந்த செடித்தொட்டியைக் காட்டி, அது நனைந்தால் எவ்வளவு எடை தெரியுமா என்று கேட்டார். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை அடி அகலம், முழங்கால் உயரம். கணக்குப் போட்டால் ஈரமண் மட்டுமே ஒரு டன் அளவுக்கு வந்தது, அதுவும் ஒரே கோட்டில். தொட்டியை இடித்துவிட்டு, தென்னைநார்க் கழிவு கலந்த லேசான சாடிகளுக்கு மாறுவது என்று முடிவாயிற்று. அந்த அம்மாவுக்குத்தான் வருத்தம், மல்லிக்கொடி பத்து வருடமாக அந்தத் தொட்டியில் இருந்தது.

காற்று விஷயத்தில் நிறைய யோசித்தோம். சென்னைக்கு விதிப்புத்தகம் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். டைலின் எடையோ சதுர மீட்டருக்கு 450 நியூட்டன்தான். இதை மட்டும் பார்த்தால் டைல் பறந்துவிடும் போலத் தோன்றும். உண்மையில் இடைவெளிகள் திறந்திருப்பதால் டைலுக்கு மேலும் கீழும் அழுத்தம் பெருமளவு சமமாகிவிடும். கைப்பிடிச்சுவரும் மூலையில் காற்று மேல்நோக்கி உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு சமமாகும் என்பதை இந்தக் கட்டடத்துக்கென்று யாரும் அளந்து சொல்லப் போவதில்லை. பதினாறரைக் கிலோ டைல் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து தெருவில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே நான்கு பக்கமும் ஓர வரிசையைப் பெடஸ்டல் தலையோடு பாலியூரித்தேன் பசையால் ஒட்டுவது, அந்தப் பெடஸ்டல்களின் அடியையும் கூரையோடு ஒட்டுவது என்று வைத்தோம். நடுவில் உள்ளவை எல்லாம் தூக்கக் கூடியவை. இரண்டு குழாய் வாய்களுக்கு மேலே உள்ள டைல்களும் ஓர வரிசையில்தான் வருகின்றன. அவற்றை ஒட்டாமல், அடியிலிருந்து எஃகுக் கிளிப்பால் பிடித்து, திருகைக் கழற்றினால் வருமாறு செய்தோம்.

கைப்பிடிச்சுவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூரையிலிருந்து அதன் உயரம் 1.05 மீட்டர். வாட்டத்தால் தெற்கு ஓரத்தில் பெடஸ்டல் 115 மி.மீ. உயரம் வரும், டைல் 20. ஆக, நிற்கும் தளத்திலிருந்து சுவர் 92 செ.மீ.கூட இருக்காது. ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை. பழைய மரத்தளமும் இதே போலச் சுவரைக் குட்டையாக்கித்தான் இருந்தது. நான்கு வருடம் பிள்ளைகள் அதன் ஓரம் ஓடி விளையாடியிருக்கிறார்கள். சுவரின் மேல் எஃகுக் கைப்பிடிக் குழாய் ஒன்று பட்ஜெட்டில் சேர்ந்தது. கணவர் முகம் சுளித்தார். அளவு நாடாவைப் பிடித்துக் காட்டியதும் பேசவில்லை.

தீயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. லண்டன் கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பின், 2018 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரிலும் பால்கனியிலும் எரியக்கூடிய பொருள்களுக்குத் தடை வந்தது. அங்கே பால்கனிகளில் மரத்தளம் போய் டைலும் அலுமினியமும் வர அது ஒரு பெரிய காரணம். டைல் எரியாது, ஆனால் பிளாஸ்டிக் கால் எரியும். அதனால் அங்கே உலோகக் கால் வைக்கிறார்கள். நம் வீடு மூன்று மாடிதான், அந்த விதி இங்கே இல்லை. இருந்தாலும் தீபாவளி இரவில் இடைவெளி வழியே பொறி விழுந்து, அடியில் காய்ந்த சருகு பற்றிக்கொள்ளும் சாத்தியம் உண்டு. உலோகக் காலின் விலை வீட்டாருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஐப்பசி பிறக்கும் முன் அடியைக் கூட்டிச் சுத்தம் செய்வது என்று பராமரிப்பில் சேர்த்தோம்.

வேலை நடந்த விதம்

2022 பிப்ரவரியில் தொடங்கினோம். மரத்தை முழுக்க எடுத்து, வண்டலை வாரி, கூரையைக் கழுவிக் காயவிட்டோம். திருகாணி ஓட்டைகள் ஒவ்வொன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனதில் நூறைத் தாண்டின. தளர்ந்த தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தோம். ஓட்டைகளை அகலப்படுத்திக் கலவையால் அடைத்து, மேலே இழைத்துணி வைத்த பாலியூரித்தேன் பூச்சு, கைப்பிடிச்சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றி. பிறகு குழாய் வாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். கீழே படுக்கையறைக் கூரை காய்ந்தே இருந்தது. இந்தச் சோதனை முடியும் வரை ஒரு பெடஸ்டலைக்கூட மாடிக்கு ஏற்றவில்லை. பூச்சு நேரடியாகக் காலின் சுமையைத் தாங்காதிருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் வட்டு.

டைல் வரிசைக் கணக்கில் ஒரு சிக்கல். நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து முழு டைலாக வைத்துக்கொண்டே போனால் 15 டைல் போய், கடைசியில் அரைச் சாண் அகலத் துண்டு மிஞ்சும். துண்டு அவ்வளவு சிறிதானால் நிற்காது, ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழும்பும். அதனால் ஒரு முழு டைலைக் குறைத்து, இரண்டு முனையிலும் 36 செ.மீ. துண்டுகளாகப் பிரித்தோம். அகலவாக்கிலும் அதே முறை. டைல் கூடுதலாகச் செலவாகும், வெட்டும் கூலியும் கூடும். ஆனால் ஓரம் அசையாது. சுவருக்கும் டைலுக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்து இறுக்கியதால் தளம் பக்கவாட்டில் நகர இடமில்லை.

பெடஸ்டல் நூற்றெண்பதுக்கு மேல். வடக்கு ஓரத்தில் 45 மி.மீ., தெற்கே போகப் போக உயர்ந்து 115. நூலும் ரசமட்டமும் வைத்து உயரம் திருகுவது பொறுமை கேட்கும் வேலை. டைல் வைத்த பின் ஒவ்வொரு மூலையிலும் ஏறி நின்று பார்க்க வேண்டும். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் அந்த மூலையில் அரை மி.மீ. குறைகிறது என்று அர்த்தம். அங்கே மெல்லிய ரப்பர்ச் சில் ஒன்றைச் செருகினால் போதும். மேஸ்திரியின் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்தே ஆடும் டைல்களைக் கண்டுபிடித்தான். ரசமட்டம் காட்டாததை அவன் குதிகால் காட்டியது.

வேலை முடிந்ததும் கூரை வரைபடம் ஒன்றை வீட்டாரிடம் கொடுத்தோம்: குழாய் வாய் எங்கே, எந்த டைல் தூக்கலாம், எது ஒட்டியது. சக்‌ஷன் பிடியையும், அதே தொகுதி எண் உள்ள ஆறு உபரி டைல்களையும் படிக்கட்டு அறையில் வைத்தோம். தொகுதி மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும்.

அதன் பின்

முதல் புகார் ஏப்ரல் கடைசியிலேயே வந்தது. அந்த அம்மா தொலைபேசியில்: “கால வைக்க முடியலப்பா. முன்ன இருந்த பலகைல இந்தச் சூடு இல்லியே.” அவர் சொன்னது சரி. மரமும் வெயிலில் காயும், ஆனால் மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் காலுக்குக் கடத்தும். போர்சலின் சட்டென்று கடத்திவிடும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் டைல்தான் சுடும். அதிலும் பழுப்பு நிறம். அக்னி நட்சத்திரம் வந்தபோது பதினொரு மணிக்கு மேல் செருப்பில்லாமல் துளசி மாடத்துக்குப் போக முடியவில்லை, துளசியிடம் அவர் செருப்போடு போகவும் மாட்டார்.

இதற்குத் தீர்வு எளிதாகவே கிடைத்தது. கதவிலிருந்து துளசி மாடம் வரையும், அங்கிருந்து துணிக்கொடி வரையும் ஒரு வரிசை டைலை மட்டும் தூக்கிவிட்டு, அதே அளவில் வெண்ணிற டைல் வைத்தோம். உடைக்க வேண்டியிருக்கவில்லை, தூசி இல்லை, ஒரு மாலையில் முடிந்தது. வெண்ணிறமும் நண்பகலில் சுடத்தான் செய்கிறது, ஆனால் நடக்கலாம். மருமகளுக்கு அந்த வெள்ளைப் பாதை முதலில் பிடிக்கவில்லை; இப்போது பழகிவிட்டது என்கிறார். எடுத்த பழுப்பு டைல்கள் உபரியோடு சேர்ந்தன.

கீழே படுக்கையறை முன்பைவிடச் சூடு குறைவாக இருக்கிறது என்று வீட்டார் சொல்கிறார்கள். டைலின் நிழலும் அடியில் ஓடும் காற்றும் கூரைக்கு உதவும் என்பது எதிர்பார்த்ததுதான். நாங்கள் அளந்து பார்க்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லாகவே பதிவு செய்கிறோம்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். ஒரு டைலும் இடம் மாறவில்லை. இரண்டு செடிச் சாடிகள் உருண்டிருந்தன, அதில் ஒன்று டைலின் விளிம்பைச் சில்லு பெயர்த்திருந்தது. அந்தப் புயல் விதிப்புத்தகத்தின் வேகத்துக்கு வெகு கீழே, ஆகவே இதை முழுச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2016இல் சென்னையைத் தாக்கிய வர்தா போல ஒன்று வந்தால்தான் தெரியும்.

மழைக்கான சோதனை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலோடு வந்தது. நகரமே தண்ணீரில் நின்றபோது இந்தக் கூரையின் குழாய்கள் அடைபடவில்லை. படுக்கையறைக் கூரை காய்ந்தே இருந்தது. மழைக்கு முன் கணவரே குழாய் வாய் டைல்களின் கிளிப்பைக் கழற்றி, சருகை வாரியிருந்தார். மரத்தளக் காலத்தில் அந்த இடத்தை அவர் பார்த்ததே இல்லை.

உடைந்தது ஒரே ஒரு டைல். ஆயுத பூஜையன்று உறவினர் ஒருவர் மாடியிலேயே ஓங்கித் தேங்காய் உடைத்தார். அடியில் வெற்றிடம் உள்ள டைலின் நட்டநடுவில் விழுந்த அடி. குறுக்கே ஒரு முடிக்கோடு ஓடியது, ஆள் ஏறினால் இரண்டாகும் நிலை. உபரியிலிருந்து ஒன்றை எடுத்து வீட்டாரே மாற்றிக்கொண்டார்கள். இப்போது தேங்காய்க்கென்று கதவருகே ஒரு கருங்கல் துண்டு கிடக்கிறது.

இன்னொன்று சிறிய விஷயம், ஆனால் வீட்டில் அதிகம் பேசப்பட்டது. மருமகளின் தோட்டுத் திருகாணி 4 மி.மீ. இடைவெளியில் விழுந்துவிட்டது. டைலைத் தூக்கியதும் பூச்சின் மேல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. மரத்தளத்தில் விழுந்திருந்தால் போனது போனதுதான்.

குறை என்றால் சத்தம். நாற்காலியை இழுத்தால் அடியில் உள்ள வெற்றிடம் கூடுதலாக ஒலிக்கிறது. கீழ்வீடு அவர்களுடையதே என்பதால் பிரச்சினை ஆகவில்லை. வேறு குடும்பம் கீழே இருந்திருந்தால் ஆகியிருக்கும்.

இனி இப்படிச் செய்வோம்

டைலின் நிறத்தைக் கடையில் வைத்துத் தேர்வு செய்ய விடுவதில்லை. இரண்டு நிற டைல்களை நண்பகலில் மாடியில் கொண்டுபோய் வைத்து, வீட்டில் யார் வெறுங்காலோடு நடப்பாரோ அவரையே நிற்கச் சொல்லிக் கேட்கிறோம்.

பெடஸ்டல் உயரமாக வரும் இடங்களில் அடியில் கண்ணாடியிழை வலை ஒட்டிய டைல் வாங்குகிறோம். உடைந்தாலும் துண்டுகள் சிதறாது, மேலே நிற்பவர் கால் சட்டென்று உள்ளே போகாது. இந்த வீட்டில் உயரம் அரையடிக்கும் குறைவு என்பதால் வலை இல்லாமல் விட்டது ஏற்கத்தக்கதே. ஓரடி, ஒன்றரையடி என்று போகும் மாடிகளில் ஏற்க மாட்டோம்.

விலைப்பட்டியலில் கைப்பிடிச்சுவர் உயரம் முதல் வரியாக வருகிறது. தளத்துக்கு விலை பேசி முடித்த பின் கைப்பிடிக் குழாய்க்குப் பணம் கேட்டால் எந்த வீட்டுக்காரரும் சந்தேகப்படுவார். அது அவர் தப்பில்லை.

ஓர வரிசைக்குப் பசையைவிடக் கிளிப்பே மேல் என்ற பக்கம் நாங்கள் சாய்ந்திருக்கிறோம். பசை கடற்கரை வெயிலில் எத்தனை வருடம் பிடித்து நிற்கும் என்பதைப் பார்க்க ஒட்டிய டைலைத் தூக்க முடியாது. கிளிப்பைக் கழற்றிப் பார்க்கலாம். கிளிப்பும் திருகும் கடலோரத்துக்கு ஏற்ற 316 தர ஸ்டெயின்லெஸ் எஃகாக இருக்க வேண்டும். 304 தரம் என்றால் இங்கே சில வருடத்தில் துருப்புள்ளி விழுகிறது.

அதே அடுக்ககத்தில் பக்கத்து மொட்டைமாடிக்காரரும் இந்தத் தளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் கூரையில் ஏற்கெனவே சிமெண்ட் வைத்து ஒட்டிய டைல் இருக்கிறது, அதன் மேலேயே பெடஸ்டலை வைத்துவிடலாமே என்கிறார். குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே விலை சொல்வோம் என்று சொல்லியிருக்கிறோம். அவர் இன்னும் தேதி கொடுக்கவில்லை.